இல்லறத்தாரின் கணக்கேடு: வங்கியும் வாகனக் காப்பீடும்

(நெமிலிச்சேரியில் மகாவீர் ஜெயந்தி விழாவில் இல்லறத்தார்க்கு ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

பகவான் மகாவீரரின் பிறந்த நாள் சைத்ர மாதத்து வளர்பிறைத் திரயோதசியில் வருகிறது. வங்கிகளும் அலுவலகங்களும் மார்ச் 31 அன்று ஓராண்டுக் கணக்கை முடித்து, ஏப்ரல் முதல் நாளில் புதிய ஏட்டைத் திறக்கும் காலமும் ஏறத்தாழ அதுவே. ஆகவே இவ்விழாவில் இல்லத்துக் கணக்கைப் பற்றிப் பேசுவது பொருத்தமற்றதாகாது.

துறவியர்க்கு உடைமை இல்லை. எனவே கணக்கும் இல்லை. இல்லறத்தார்க்கு இரண்டும் உண்டு. மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதம், இல்லறத்தாரை உடைமை முழுவதையும் விட்டுவிடச் சொல்லவில்லை. அதற்கு ஓர் எல்லை வகுத்துக்கொள்ளச் சொல்கிறது. எல்லை வகுப்பதற்கு முன் அளவு தெரிய வேண்டும். எத்தனை வங்கிக் கணக்குகள் உள்ளன, எந்த வைப்பு யார் பெயரில் உள்ளது, வண்டியின் காப்பீடு எந்த நாளில் முடிகிறது என்பவற்றை அறியாதவர் தம் உடைமையின் அளவையே அறியாதவர். கணக்கைத் தெளிவாக வைத்திருப்பது உலகியல் சாமர்த்தியம் மட்டுமன்று, நோன்பின் முதற்படியுமாகும்.

வங்கி மூழ்கினால்

வங்கியில் இட்ட பணத்திற்கு அழிவில்லை என்னும் நம்பிக்கை சென்னையில் ஒருமுறை பெரிய அளவில் பொய்த்தது. 1906 அக்டோபர் 22 அன்று சென்னையின் புகழ்பெற்ற ஆர்பத்நாட் நிறுவனம் பணம் கொடுப்பதை நிறுத்திக்கொண்டது. ஓய்வூதியத்தை இட்டவர்கள், சிறுகச் சிறுகச் சேமித்தவர்கள் எனப் பல்லாயிரவர் கலங்கி நின்றனர். அதன் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் 18 மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். அந்த வீழ்ச்சிக்குப் பின்னரே, வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயரின் முயற்சியால், நம்மவர் பணத்தை நம்மவரே காக்கும் நோக்கில் 1907இல் இந்தியன் வங்கி தோன்றியது.

அன்று பணம் இட்டவர்களுக்கு எந்தக் காப்பும் இல்லை. இன்று உண்டு. 1960இல் கேரளத்தில் பாலாய் சென்ட்ரல் வங்கி வீழ்ந்ததைத் தொடர்ந்து சட்டம் இயற்றப்பட்டு, 1962 ஜனவரி முதல் வைப்புகளுக்குக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் அதன் உச்சவரம்பு 1,500 ரூபாய். 1993இல் 1 லட்சமாயிற்று. 2020 பிப்ரவரி 4 முதல் 5 லட்சமாக உள்ளது.

இந்த 5 லட்சம் என்பது ஒருவருக்கு ஒரு வங்கியில், அசலும் வட்டியும் சேர்ந்து. கிளைகள் வேறானாலும் வங்கி ஒன்றென்றால் தொகை கூட்டப்படும். ஒருவர் ஒரே வங்கியின் ஆவடிக் கிளையில் 3 லட்சமும் அம்பத்தூர்க் கிளையில் 4 லட்சமும் வைத்திருந்தால், மொத்தம் 7 லட்சம். காப்பு 5 லட்சத்திற்கே. அவற்றை இருவேறு வங்கிகளில் வைத்திருந்தால் முழுத்தொகையும் காப்பிற்குள் அடங்கியிருக்கும். இந்தக் காப்பீட்டுக்கு வாடிக்கையாளர் தனியே எதுவும் செலுத்த வேண்டியதில்லை, வங்கியே செலுத்துகிறது.

எது காப்பிற்குள் வராது என்பதையும் அறிதல் வேண்டும். நிதி நிறுவன வைப்பு, சீட்டு, நகைக்கடைச் சேமிப்புத் திட்டம் ஆகியவற்றுக்கு இந்தக் காப்பு இல்லை. வங்கி தரும் வட்டியைப் போல் பன்மடங்கு தருவதாக ஒருவர் சொல்லும்போது, அந்த அதிகம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பதே முதற்காவல். மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதம் மறுமைக்கு மட்டும் உரியதன்று. பேராசையைக் குறைத்தவர் பெருமோசடியில் சிக்குவது அரிது.

பெயர் என்னும் பூட்டு

பணம் பாதுகாப்பாக இருந்தாலும், உரியவர்க்குப் போய்ச் சேராமல் நின்றுவிடுவது உண்டு. ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆவடித் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றி ஓய்வுபெற்ற குடும்பத்தலைவர் மூன்று வங்கிகளில் வைப்பு வைத்திருக்கிறார். யாவும் தனிப்பெயரில், எதிலும் நாமினி இல்லை. ஒருநாள் அவர் மறைகிறார். முதல் வங்கியின் பாஸ்புத்தகம் பீரோவில் கிடைக்கிறது. இரண்டாவது வங்கியைப் பற்றி அங்கிருந்து வந்த குறுஞ்செய்தியால் தெரிகிறது. மூன்றாவதைப் பற்றி யாருக்கும் தெரியாது. துணைவியார் வாரிசுச் சான்றிதழ், பிற வாரிசுகளின் ஒப்புதல், உறுதிமொழிப் பத்திரம் என்று மாதக்கணக்கில் அலைகிறார். மூன்றாவது வங்கியில் உள்ள பணம் அசையாமல் கிடக்கிறது.

அத்தகைய பணம் என்னவாகும்? பத்து ஆண்டுகள் யாரும் கேளாத வைப்பு, 2014இல் ரிசர்வ் வங்கி ஏற்படுத்திய நிதிக்கு மாற்றப்படுகிறது. அதனால் உரிமை அழிந்துபோவதில்லை. வாரிசு எப்போது வந்தாலும் உரிய வங்கி வழியே கேட்டுப் பெறலாம். எந்த வங்கி என்று தெரியாதவர் தேடுவதற்காக 2023 ஆகஸ்டில் உத்கம் என்னும் இணையதளத்தை ரிசர்வ் வங்கி தொடங்கியது. ஆயினும் தேடவேண்டிய நிலையே வராமல் செய்வது குடும்பத்தலைவரின் கடமை.

அதற்கு மூன்று செயல்கள் போதும். முதலாவது, ஒவ்வொரு கணக்கிலும் ஒவ்வொரு வைப்பிலும் நாமினியைப் பதிவு செய்தல். 2025 நவம்பர் முதல் ஒரு கணக்கிற்கு நால்வர் வரை பெயர் குறிக்கலாம். இரண்டாவது, கணவனும் மனைவியும் இருவரில் எவரேனும் அல்லது எஞ்சியவர் என்னும் முறையில் கூட்டுக்கணக்கு வைத்தல். ஒருவர் மறைந்தாலும் மற்றவர் கணக்கை இயக்கலாம். மூன்றாவது, எவ்வெக் கணக்குகள் உள்ளன என்பதைத் துணைவியாரும் வயதுவந்த மக்களும் அறியச் செய்தல்.

இங்கு ஒரு தவறான எண்ணத்தை நீக்க வேண்டும். நாமினி என்பவர் பணத்தின் உடைமையாளர் அல்லர். வங்கியிடமிருந்து பெற்று, சட்டப்படி உரிய வாரிசுகளுக்குப் பகிர்ந்து கொடுக்க வேண்டிய பொறுப்பாளர் அவர். தத்துவார்த்த சூத்திரம் பொய்யாமை விரதத்திற்குரிய அதிசாரங்களுள் அடைக்கலப் பொருளை வௌவுதலையும் ஒன்றாக எண்ணுகிறது. உரையாசிரியர்கள் அதை நுட்பமாக விளக்குவர். பொருளை ஒப்படைத்தவர் அளவை மறந்து குறைத்துக் கேட்க, வாங்கி வைத்தவர் அவ்வளவே என்று ஒப்புக்கொள்வதும் குற்றமே. தந்தையின் வைப்புக்கு நாமினியாக உள்ள மகன், தொகையை அறியாத தாய்க்கும் உடன்பிறந்தாள்க்கும் ஒரு பகுதியை மட்டும் சொல்வது இதனின் வேறன்று.

கைப்பேசியில் உள்ள வங்கி

இன்று வங்கிக்கு நேரில் செல்வோர் குறைவு. யு.பி.ஐ. வழியே காய்கறிக் கடையிலும் பணம் கைமாறுகிறது. இதில் மறவாது வைக்க வேண்டிய விதி ஒன்று உண்டு: பணம் பெறுவதற்கு இரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. பணம் வந்திருக்கிறது, எண்ணை இடுங்கள் என்று எவர் சொன்னாலும் அவர் பணம் எடுக்கவே சொல்கிறார். காப்பீட்டு போனஸ் வந்துள்ளது, கணக்கு முடங்கப்போகிறது, கே.ஒய்.சி. புதுப்பிக்க வேண்டும் என்று அழைத்து ஓ.டி.பி. கேட்பவரும் அத்தகையவரே.

ஏமாற்றம் நேர்ந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைத்தல் கூடாது. 1930 என்னும் எண்ணை உடனே அழைக்க வேண்டும்; வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் நிறுத்திவைக்க இயலும் காலம் மிகச் சிறிது. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வகுத்த விதிகளும் காலத்தையே அடிப்படையாகக் கொண்டன. வாடிக்கையாளரின் பிழையின்றி வேறெங்கோ நேர்ந்த குறையால் பணம் போயிருந்து, மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் இழப்பு முழுவதும் வங்கியைச் சாரும் என்றன. வாடிக்கையாளரே எண்ணைச் சொல்லிவிட்டிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை நேர்ந்த இழப்பு அவருடையது. தெரிவித்த பின் நேர்வது வங்கியுடையது. இரு நிலைகளிலும் விரைந்து சொன்னவரே தப்புகிறார்.

சாலையில் உள்ள அயலார்

நெமிலிச்சேரிக்கு அருகே வெளிவட்டச் சாலை செல்கிறது. வண்டலூரிலிருந்து இவ்வூர் வழியே மீஞ்சூர் வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளும் அச்சாலையில் ஏறினால், திண்டிவனம் நெடுஞ்சாலையைப் பிடிப்பது எளிது. மேல்சித்தாமூருக்கும் பொன்னூர் மலைக்கும் திருமலைக்கும் செல்லும் குடும்பங்களுக்கு இன்று சொந்தக் காரே துணை. அந்தக் காரைப் பற்றிய கணக்கும் இல்லத்துக் கணக்கின் ஒரு பகுதியே.

கார் காப்பீடு என்பது ஒரே பெயரால் வழங்கும் இரண்டு பொருள்கள். ஒன்று மூன்றாம் நபர் காப்பீடு. மற்றொன்று சொந்தச் சேதக் காப்பீடு. முதலாவது, வண்டியால் பிறர்க்கு நேரும் உயிரிழப்பு, காயம், பொருட்சேதம் ஆகியவற்றுக்கு ஈடு தருவது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியுள்ளது. அது இல்லாமல் ஓட்டினால் முதன்முறை 2,000 ரூபாய் அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். இரண்டாவது, சொந்த வண்டிக்கு நேரும் விபத்து, திருட்டு, தீ, வெள்ளம் ஆகியவற்றுக்கானது. அது அவரவர் விருப்பம்.

அபராதத்திற்கு அஞ்சி மூன்றாம் நபர் காப்பீடு எடுப்பவர் பலர். உண்மையான காரணம் அதனினும் பெரிது. விடியற்காலையில் ஒரு குடும்பம் பொன்னூர் மலைக்குப் புறப்படுகிறது. சாலையோரம் மிதிவண்டியில் செல்லும் ஒருவர்மீது கார் மோதி, அவர் இறந்துவிடுகிறார். அவருக்கு வயது 34. கைத்தொழிலால் மாதம் 20,000 ரூபாய் ஈட்டியவர். மனைவியும் இரு பிள்ளைகளும் உள்ளனர். உச்சநீதிமன்றம் 2009இலும் 2017இலும் வகுத்த முறைப்படி தீர்ப்பாயம் கணக்கிடும். ஆண்டு வருமானம் 2,40,000. எதிர்கால வளர்ச்சிக்கு 40 விழுக்காடு கூட்டினால் 3,36,000. இறந்தவரின் சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கு கழித்தால் 2,24,000. அவ்வயதிற்குரிய பெருக்கெண் 16. ஆக 35,84,000 ரூபாய். ஈமச்செலவு முதலியன இதன்மேல்.

காப்பீடு நடப்பில் இருந்தால் இத்தொகையைக் காப்பீட்டு நிறுவனம் அக்குடும்பத்திற்குத் தரும். முந்தின நள்ளிரவோடு அது முடிந்திருந்தால், முழுத்தொகையும் வண்டி உடைமையாளரின் தலையில் விழும். வீடும் சேமிப்பும் போகலாம். அவரிடம் ஏதும் இல்லையென்றாலோ, இழந்தவர் குடும்பத்திற்குத் தீர்ப்பு மட்டுமே மிஞ்சும். 1,000 முதல் 1,500 சி.சி. வரையுள்ள தனியார் காருக்கு 2022 ஜூனில் அரசு நிர்ணயித்த ஆண்டு பிரீமியம் 3,416 ரூபாய், 1,000 சி.சி.க்கு உட்பட்டதற்கு 2,094. எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் இத்தொகை ஒன்றே. சிற்றுயிர்க்கும் தீங்கு நேராமல் பார்த்து நடக்கும் மரபினர், தெரியாமல் நேரக்கூடிய பெருந்தீங்குக்கு முன்கூட்டியே வைக்கும் ஈடு இது. போன உயிரை எந்தத் தொகையும் மீட்பதில்லை. ஆயினும் அப்பிள்ளைகள் பட்டினி கிடவாமல் காக்கும்.

விபத்து நேர்ந்தால் காயமுற்றவரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல ஓட்டுநர் முயல வேண்டும் என்பதும் அதே சட்டம். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தின்படி, விபத்துக்குள்ளானவர் எவராயினும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே பொறுப்பேற்கிறது. செலவுக்கு அஞ்சி வழியில் விட்டுச் செல்ல வேண்டிய நிலை இல்லை.

நான்காம் ஆண்டின் மறதி

கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன், சாலை விபத்துகளைக் குறைக்க வேண்டி உச்சநீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கில் 2018இல் பிறந்த ஆணையால், அவ்வாண்டு செப்டம்பர் முதல் புதிய காருக்கு மூன்றாண்டுகளுக்கும் புதிய இருசக்கர வண்டிக்கு ஐந்தாண்டுகளுக்கும் மூன்றாம் நபர் காப்பீடு விற்கும்போதே எடுக்கப்படுகிறது. இந்த நல்ல ஏற்பாட்டில் இரு மறதிகள் புகுந்துகொள்கின்றன.

ஒன்று, மூன்றாண்டுக் காப்பீடு இருக்கிறது என்று எண்ணி, ஓராண்டில் முடிந்துவிடும் சொந்தச் சேதக் காப்பீட்டைப் புதுப்பிக்காமல் விடுதல். மற்றொன்று, மூன்றாண்டு நினைக்கத் தேவையில்லாதிருந்த பழக்கத்தால், நான்காம் ஆண்டில் மூன்றாம் நபர் காப்பீட்டையே மறந்துவிடுதல். பாலிசித் தாளில் இரண்டுக்கும் தனித்தனி முடிவுநாள் அச்சாகியிருக்கும். இரண்டையும் படிக்க வேண்டும்.

முதல் மறதியின் விலை 2023 டிசம்பரில் தெரிந்தது. அம்மாதம் 3, 4 ஆகிய நாள்களில் மிக்ஜாம் புயல் மழையால் சென்னையும் ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களும் வெள்ளத்தில் நின்றன. தாழ்வான இடங்களில் நிறுத்திய கார்கள் மூழ்கின. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் உடையவர்க்கு வெள்ளச் சேதத்தில் ஒரு ரூபாயும் கிடைக்காது. சொந்தச் சேதக் காப்பீடு உடையவர்க்கு உள்விரிப்பு, மின்னிணைப்பு முதலியவற்றின் செலவு கிடைக்கும். ஆனால் நீர் புகுந்த வண்டியைச் சாவியிட்டு இயக்கிப் பார்த்ததால் எஞ்சின் பழுதானால், அது வெள்ளத்தால் அன்று, இயக்கியதால் வந்த சேதம் என்று நிறுவனம் மறுக்கலாம். எஞ்சின் பாதுகாப்பு என்னும் கூடுதல் பிரிவு எடுத்திருந்தால் அதற்கும் வழியுண்டு. எடுத்தவரும் எடுக்காதவரும் செய்ய வேண்டியது ஒன்றே: நீர் ஏறிய வண்டியை இயக்காமல், படம் எடுத்துக்கொண்டு, நிறுவனத்திற்குத் தெரிவித்து, இழுத்துச் செல்லச் செய்தல்.

புதுப்பிக்கும்போது இரு எண்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது ஐ.டி.வி.; வண்டி முழுதும் அழிந்தாலோ திருடுபோனாலோ கிடைக்கும் உச்சத்தொகை. வண்டியின் இன்றைய பட்டியல் விலை 8 லட்சமாகவும் வயது மூன்றுக்கு மேல் நான்குக்குள்ளாகவும் இருந்தால், 40 விழுக்காடு தேய்மானம் போக 4,80,000 ரூபாய். பிரீமியம் குறைய வேண்டும் என்று இதைத் தாழ்த்தினால், இழப்பின்போது தொகையும் தாழும். இரண்டாவது நோ கிளெய்ம் போனஸ். கோரிக்கை இல்லாத முதலாண்டுக்குப் பின் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20 விழுக்காடு குறையும்; அது 25, 35, 45 என உயர்ந்து ஐந்தாண்டில் 50 ஆகும். சிறிய கீறலுக்குக் கோரிக்கை வைத்து இதை இழப்பது இலாபமா என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். முடிவுநாளுக்குப் பின் 90 நாள்களுக்குள் புதுப்பிக்காவிட்டால் இச்சலுகை அறவே போய்விடும். இது காருக்கு உரியதன்று, உடைமையாளருக்கு உரியது. காரை விற்றாலும் அவருடைய புதிய காருக்கு மாறும்.

தாளில் உண்மை

கோரிக்கை வைத்த ஆண்டில் வைக்கவில்லை என்று எழுதிச் சலுகை பெறுவதும், மகன் ஓட்டியதைத் தந்தை ஓட்டியதாக எழுதுவதும், பழைய இடிபாட்டைப் புதிய விபத்தில் சேர்ப்பதும் சிலர் பார்வையில் சாமர்த்தியம். பொய்யான ஆவணம் எழுதுதலைத் தத்துவார்த்த சூத்திரம் அதிசாரமாகவே எண்ணுகிறது. உலகியலிலும் அது கேடே. தெரியவரும் நாளில் கோரிக்கை மறுக்கப்படும். யாத்திரைக்கு அண்டைவீட்டாரை ஏற்றிச் செல்வது அன்பு. ஆனால் தனியார் பதிவுள்ள காரைக் கட்டணத்திற்கு விடுவது பாலிசி விதிக்கு மாறானது. ஓட்டுபவரிடம் செல்லத்தக்க உரிமம் இருப்பதும் அவ்வாறே இன்றியமையாதது.

பழைய கார் வாங்குவோர் பதிவுச் சான்றில் பெயர் மாற்றியதோடு நின்றுவிடுகின்றனர். உரிமை மாறிய 14 நாள்களுக்குள் காப்பீட்டிலும் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். மாற்றாவிட்டால், தம் வண்டிக்கு நேரும் சேதத்திற்குப் புதியவர் ஈடு கேட்பது கடினம்.

ஒரு மாலையின் வேலை

கதிரவன் மறையுமுன் உணவை முடிக்கும் இல்லங்களில் மாலைப்பொழுது நீண்டது. இவ்விழா வாரத்தில் அத்தகைய ஒரு மாலையைக் கணக்கிற்கு ஒதுக்கலாம். கணவனும் மனைவியும் மக்களும் உடன் அமர்ந்து ஒரு தாளில் எழுத வேண்டியவை இவை: எந்தெந்த வங்கியில் எந்தக் கணக்கு, எந்த வைப்பு, ஒவ்வொன்றின் நாமினி, வைப்பு முதிரும் நாள், கொடுக்க வேண்டிய கடன், வண்டியின் மூன்றாம் நபர் காப்பீடு முடியும் நாள், சொந்தச் சேதக் காப்பீடு முடியும் நாள், பாலிசி எண்ணும் நிறுவனத்தின் தொலைபேசி எண்ணும். இரகசிய எண்களை மட்டும் அதில் எழுதலாகாது. தாள் இருக்கும் இடம் வீட்டில் இருவருக்கேனும் தெரிந்திருக்க வேண்டும். ஆண்டுதோறும் மகாவீர் ஜெயந்தியன்று அதை எடுத்துத் திருத்தலாம்.

தாள் நிறைந்தபின் அதை ஒருமுறை முழுதும் படித்துப் பார்க்கையில், வேண்டிய அளவு இது, மிகுதி இது என்பது கண்முன் நிற்கும். மிகுதியில் ஒரு பங்கை அன்னதானத்திற்கும் மருந்துதானத்திற்கும் ஏழை மாணவர் கல்விக்கும் எனக் குறித்துவைக்கவும் அந்தத் தாளிலேயே இடம் இருக்கும். அந்த வரியையும் எழுதி முடித்த இல்லத்தில் கணக்கும் நோன்பும் வேறுவேறாக இரா.

எல்லா உயிர்களும் நலம் பெறுக.